தமிழ் எத்தனாவது இடம்? தாய்மொழிக் கட்டத்தில் நான் எழுதிய மூன்று கணக்கு

பதிவு கொஞ்சம் நீளம். வேலை நேரத்தில் படிக்காமல் மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் படியுங்கள்.

போன வாரம் சிங்கப்பூரிலிருந்து பேத்தி வீடியோ காலில் வந்தாள். "பாட்டி, உலகத்துல தமிழ் எத்தனாவது மொழி? ஸ்கூல்ல கேட்டிருக்காங்க" என்றாள். "இருபதை ஒட்டி வரும்டி கண்ணு" என்று சொல்லி வைத்தேன். அன்று ராத்திரியே நம் 1998 செட் வாட்ஸ்அப் குழுவில் ஒரு ஃபார்வர்டு. அதில் தமிழுக்குப் பதினெட்டாம் இடம். அதற்குக் கீழே இன்னொரு பையன் போட்டதில் ஐந்தாம் இடம். மூன்றாமவன் "எண்ணிக்கை கிடக்கட்டும் டீச்சர், நாமதான் முதல்" என்று இரண்டு வணக்கம் போட்டுவிட்டுப் போய்விட்டான். முப்பத்தைந்து வருஷத்துக்கு மேல் கரும்பலகை முன்னால் நின்றவளுக்கு ஒரே கேள்விக்கு மூன்று விடை என்றால் தூக்கம் வராது.

நான் ஆராய்ச்சி செய்தவள் இல்லை. ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் படித்த இடைநிலை ஆசிரியை. ஆனால் இந்தக் கணக்கு பிறக்கிற இடத்தை நேரில் பார்த்திருக்கிறேன். 1991, 2001, 2011 என்று மூன்று மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் படிவமும் பையுமாக இந்தத் திருவண்ணாமலைத் தெருக்களில் வீடு வீடாக ஏறி இறங்கியவள். உங்களில் சிலர் வீட்டுக்கும் வந்திருக்கிறேன். மோர் கொடுத்த அம்மாக்களை மறக்கவில்லை.

முதலில் பேத்தியின் கேள்விக்குச் சுருக்கமான விடை. தாய்மொழியாகப் பேசுவோரை மட்டும் எண்ணினால் சீனத்தின் மாண்டரின் முதலிடம், 90 கோடிக்கு மேல். அடுத்து ஸ்பானிஷ், 48 கோடி அளவில். பிறகு ஆங்கிலம், இந்தி. இதே பட்டியலில் பிறகு கற்றுக்கொண்டு பேசுகிறவர்களையும் சேர்த்தால் ஆங்கிலம் 150 கோடி அளவில் முதலிடத்துக்கு ஏறிவிடும், மாண்டரின் இரண்டாவதாகும். தமிழ் உலகம் முழுக்க 8 கோடிக்கு மேல். இருபதை ஒட்டி முன்னே பின்னே நிற்கும். ஆக, பேத்திக்குச் சொன்னது தப்பில்லை.

இந்தப் பட்டியல்கள் பெரும்பாலும் எத்னோலாக் என்ற தொகுப்பிலிருந்து எடுக்கப்படுகின்றன. 1951-ல் பைபிள் மொழிபெயர்ப்பு வேலைக்காக, எந்த மொழிக்கு இன்னும் மொழிபெயர்ப்பு இல்லை என்று பார்ப்பதற்காகச் சில பக்கங்களில் தொடங்கியது. இன்று அதில் 7,000-க்கு மேற்பட்ட மொழிகள் இருக்கின்றன. சரி, அவர்களுக்கு எண் எங்கிருந்து கிடைக்கிறது? ஒவ்வொரு நாட்டின் கணக்கெடுப்பிலிருந்துதான். இந்தியாவின் கணக்கெடுப்பு எண் எங்கிருந்து வருகிறது? என் மாதிரி ஒரு டீச்சர், வெயிலில் திண்ணையில் உட்கார்ந்து, ஒரு கட்டத்தில் ஒரு சொல் எழுதுகிறாளே, அங்கிருந்து. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

2011 படிவத்தில் பத்தாவது கேள்வி தாய்மொழி. பதினொன்றாவது, தெரிந்த பிற மொழிகள். அதிகபட்சம் இரண்டு எழுதலாம். பயிற்சி வகுப்பில் எங்களுக்குச் சொன்ன விதி எனக்கு இன்னும் மனப்பாடம். தாய்மொழி என்றால், அந்த ஆளுடைய குழந்தைப் பருவத்தில் அவருடைய தாய் அவரிடம் பேசிய மொழி. தாய் சின்ன வயதிலேயே இறந்திருந்தால், அந்த வயதில் வீட்டில் பேசப்பட்ட மொழி. கைக்குழந்தைக்கும் வாய் பேச இயலாதவருக்கும் தாய் பேசும் மொழியையே எழுத வேண்டும். வீட்டிலுள்ள எல்லோருக்கும் ஒன்றே இருக்க வேண்டும் என்பதில்லை, ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். அவர்கள் என்ன பெயர் சொல்கிறார்களோ அதையே எழுத வேண்டும். அது மொழியா, வட்டார வழக்கா என்று தீர்ப்புச் சொல்வது நம் வேலை இல்லை.

நல்ல விதி. மூன்று தடவையும் நான் அதை முழுசாகக் கடைப்பிடிக்கவில்லை. அதைப் பிறகு சொல்கிறேன்.

நம் ஊரில் மொழிகள் கலந்து கிடப்பது இன்று நேற்றுக் கதை இல்லை. வல்லாள கோபுரத்தைத் தினமும் பார்க்கிறோம். வல்லாள மகாராஜா என்று நாம் கொண்டாடும் மூன்றாம் வல்லாளன் போசள அரசன், கன்னட நாட்டுக்காரன். 14-ஆம் நூற்றாண்டில் வடக்கிலிருந்து படையெடுப்பு வந்து தன் ஊர் அழிந்த பிறகு, திருவண்ணாமலையைத் தலைநகராக வைத்துக்கொண்டு ஆண்டான். பிள்ளை இல்லாத அவனுக்கு அண்ணாமலையாரே மகனாக இருந்து திதி கொடுப்பதாக ஐதீகம். மாசி மகத்தன்று பள்ளிகொண்டாப்பட்டுக்குச் சாமி போவது அதற்குத்தான். கன்னட ராஜாவுக்குத் தமிழ்ச் சாமி பிள்ளை! அடுத்து, பதினோரு நிலை, 217 அடி ராஜகோபுரம். தொடங்கியவர் கிருஷ்ணதேவராயர், தெலுங்கில் ஆமுக்தமால்யதா எழுதியவர். முடித்தவர் தஞ்சை செவ்வப்ப நாயக்கர். ஆரணி ஜாகீர் மராத்தியர் கையில். ஆற்காட்டு நவாபுகள் காலத்தில் வந்த உருது இன்றும் நம் கடைத்தெருவில் கேட்கிறது. கோயில் சுவரில் தமிழோடு சமஸ்கிருதமும் கன்னடமும் வெட்டப்பட்டிருக்கின்றன. ஆனால் இத்தனை நூற்றாண்டில் எந்த ராஜாவும், எத்தனை பேர் என்ன மொழி பேசுகிறார்கள் என்று தலை எண்ணவில்லை. நிலத்தை எண்ணினார்கள், நெல்லை எண்ணினார்கள், விளக்குக்கு விட்ட ஆடுகளை எண்ணினார்கள். மொழியை எண்ணும் யோசனை வெள்ளைக்காரன் கொண்டுவந்தது.

நாடு முழுக்க ஒரே சமயத்தில் நடந்த முதல் கணக்கெடுப்பு 1881. அப்போதே தாய்மொழி கேட்டார்கள். 1891-ல் அதையே பெற்றோர் மொழி என்று மாற்றினார்கள். 1901-ல் வழக்கமாகப் பேசும் மொழி என்றார்கள். கேள்வி மாறினால் விடை மாறாதா? பிள்ளைகளுக்குத் தேர்வு வைத்தவர்கள் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். இந்த மூன்றும் ஒரே வீட்டில் மூன்று விடையாக இருக்கலாம்.

அதே காலத்தில் கிரியர்சன் என்று ஓர் ஐ.சி.எஸ். அதிகாரி, அயர்லாந்துக்காரர், இந்திய மொழி ஆய்வு என்ற பெரிய வேலையைக் கையில் எடுத்தார். 1894-ல் தொடங்கி 1928-ல் முடித்தார். ஊதாரி மைந்தன் கதையை ஒவ்வொரு மொழியிலும் வட்டார வழக்கிலும் சொல்லவைத்து எழுதி வாங்கினார். ஒரே கதை என்றால் ஒப்பிட்டுப் பார்க்கலாம் அல்லவா? எனக்கு மிகவும் பிடித்த யோசனை. நாலாம் வகுப்பில் காகமும் வடையும் கதையை ஒவ்வொரு பிள்ளையையும் அவரவர் வீட்டுப் பேச்சில் சொல்லச் சொன்னது சிலருக்கு நினைவிருக்கும். அவர் கணக்குப்படி 179 மொழிகள், 544 கிளைமொழிகள். ஆனால் ஒரு சங்கதி. நம் சென்னை மாகாணத்தை அந்த ஆய்வில் சேர்க்கவில்லை. மைசூரும் ஐதராபாத்தும் கூட இல்லை. நம் பக்கத்துச் சின்ன மொழிகளை உட்கார்ந்து கேட்டு எழுத அன்று ஒருவர் வராமல் போனார்.

சுதந்திரத்துக்குப் பிறகு 1961 கணக்கெடுப்பில் 1,652 தாய்மொழிகள் என்று வெளியிட்டார்கள். "இந்தியாவில் 1,652 மொழிகள்" என்று பொது அறிவுப் புத்தகங்களில் வருமே, அதுதான். நானும் வகுப்பில் அப்படியே சொல்லி உங்களையும் எழுதவைத்தேன். அது மொழிகளின் எண்ணிக்கை இல்லை, மக்கள் தங்கள் மொழிக்குச் சொன்ன பெயர்களின் எண்ணிக்கை. இப்போது திருத்திக்கொள்ளுங்கள். 1971-ல் ஒரு புது விதி வந்தது. 10,000 பேருக்குக் குறைவாகப் பேசும் மொழியின் பெயரைத் தனியாக வெளியிட மாட்டார்கள். இதரவை என்ற மூட்டையில் போய்விடும். அந்த விதி இன்றுவரை இருக்கிறது.

2011-ல் நாங்கள் எழுதிக் கொடுத்த பெயர்கள் மொத்தம் 19,569. எழுத்துப்பிழை, ஊர்ப்பெயர், சாதிப்பெயர் எல்லாம் அதில் உண்டு. அதைச் சலித்து 1,369 தாய்மொழி ஆக்கினார்கள். 1,474 பெயர்களை எதிலும் சேர்க்க முடியாமல் ஒதுக்கினார்கள். அதற்கும் பிறகு ஒன்றுக்குள் ஒன்றாகத் தொகுத்து முடிவில் கிடைத்தது 121 மொழி. நெல் ஆலையில் மூட்டை மூட்டையாகக் கொட்டி கடைசியில் ஒரு படி அரிசி வருகிற மாதிரி இருக்கிறது, இல்லையா?

இந்தத் தொகுப்பில்தான் பெரிய விஷயம் இருக்கிறது. 2011-ல் இந்தி பேசுவோர் 52.83 கோடி, அதாவது நாட்டில் 43.63 விழுக்காடு. இதை எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். ஆனால் "என் தாய்மொழி இந்தி" என்று சொன்னவர்கள் 32.2 கோடிதான். மீதி 20 கோடிக்கு மேற்பட்டவர்கள் போஜ்புரி என்றும், ராஜஸ்தானி என்றும், சத்தீஸ்கரி என்றும், மகஹி என்றும் சொன்னவர்கள். போஜ்புரி மட்டுமே 5 கோடியே 5 லட்சம். தனியாக நின்றால் பல நாடுகளின் மக்கள்தொகையை விடப் பெரிய மொழி. பட்டியலில் இந்தியின் கீழே ஒரு வரி.

மைதிலியின் கதையைக் கேளுங்கள். 1991-ல் பீகாரில் ஓர் அம்மா தன் தாய்மொழி மைதிலி என்று சொன்னார். பட்டியலில் அவர் இந்தி பேசுபவர். பிறகு 2003-ல் அரசியல் சட்டத் திருத்தம் வந்து எட்டாம் அட்டவணையில் மைதிலி சேர்ந்தது. அடுத்து வந்த பட்டியலில் அதே அம்மா மைதிலி பேசுபவர் ஆனார். அவர் பேச்சில் ஒரு சொல்கூட மாறவில்லை. டில்லியில் ஓர் அட்டவணை மாறியது, அவ்வளவுதான். 2011-ல் மைதிலிக்கு 1 கோடியே 36 லட்சம் பேர்.

நாம் மட்டும் சுத்தமா என்றால், இல்லை. அதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். 2011-ல் தமிழ் 6 கோடியே 90 லட்சம். இந்தக் கணக்குக்குள் இருளர் மொழியும் கைக்காடியும் எருகுலாவும் தமிழின் கீழ்தான் வருகின்றன. இருளர் மொழி என்று எழுதியவர்கள் 11,870 பேர். ஆனால் அதே கணக்கெடுப்பில் பழங்குடிப் பட்டியலில் தமிழ்நாட்டு இருளர்கள் 1 லட்சத்து 89 ஆயிரத்துக்கு மேல். எல்லா இருளரும் தனி மொழி பேசுகிறவர்கள் இல்லை. நம் சமவெளி இருளர்கள் பலர் பேசுவது தமிழ்தான், அது எனக்குத் தெரியும். இருந்தாலும் அந்த இடைவெளியில் எத்தனை வீட்டில் கேள்வியையே கேட்காமல் எழுதியிருப்பார்கள் என்று நினைக்கும்போது, எழுதிய கை என் கையாகவும் இருக்கலாம் என்று தோன்றுகிறது.

மக்கள் சொல்வதும் எப்போதும் பேசுகிற மொழியாக இருப்பதில்லை. தங்களுக்கு வேண்டிய மொழியாக இருக்கும். சமஸ்கிருதம் தாய்மொழி என்று எழுதியவர்களைப் பாருங்கள். 1981-ல் 6,106 பேர். 1991-ல் 49,736. 2001-ல் 14,135. 2011-ல் 24,821. பத்தே வருஷத்தில் எட்டு மடங்காகி, அடுத்த பத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கும் தாய்மார்கள் எங்கே இருக்கிறார்கள்? ஆங்கிலம் இதற்கு நேர் எதிர். தாய்மொழி என்று எழுதியவர் 2 லட்சத்து 60 ஆயிரம் பேர்தான். பிற மொழியாகத் தெரியும் என்று எழுதியவர் 12 கோடிக்கு மேல்.

பஞ்சாபில் இது பெரிய சண்டையே ஆனது. 1951-லும் 1961-லும் வீட்டில் பஞ்சாபி பேசிய இந்துக் குடும்பங்கள் பல, தாய்மொழி இந்தி என்று பதிந்தன. மொழிவாரி மாநிலம் வரப்போகிறது, எண்ணிக்கை வைத்துத்தான் எல்லை போடுவார்கள் என்ற பயம். 1951-ல் சண்டை முற்றி, அங்கே இரண்டு மொழியையும் பிரிக்காமல் சேர்த்தே எண் போட்டார்கள். 1966-ல் பஞ்சாப் பிரிந்தது.

பாகிஸ்தானில் நடந்தது இன்னும் கொடுமை. 1951-ல் அந்த நாட்டில் பாதிக்கு மேல் வங்காளி பேசினார்கள். உருது தாய்மொழி 7 விழுக்காடு அளவில். ஆட்சிமொழி உருது மட்டும் என்றார்கள். 1952 பிப்ரவரி 21-ல் டாக்காவில் மாணவர்கள் சுடப்பட்டார்கள். நாம் பள்ளியில் கொண்டாடும் உலகத் தாய்மொழி நாள் அந்தத் தேதிதான். யுனெஸ்கோ 1999-ல் அறிவித்தது. அங்கே எண்ணிக்கை இருந்தும் நியாயம் கிடைக்கவில்லை. இங்கே எண்ணிக்கையையே நியாயம் என்றார்கள். அப்போதுதான் அண்ணா, எண்ணிக்கைதான் அளவு என்றால் தேசியப் பறவையாகக் காக்கையைத்தானே வைத்திருக்க வேண்டும், மயிலை ஏன் வைத்தீர்கள் என்று கேட்டார். 1965-ல் நான் கைப்பிள்ளையை விடக் கொஞ்சம் பெரியவள். தெருவில் கோஷம் போட்டுப் போன அண்ணன்மார்களும், எங்களைக் கதவடைத்து உள்ளே வைத்த பாட்டியும் மங்கலாக நினைவிருக்கிறது. இந்தோனேசியாவில் ஜாவா மொழிக்காரர்கள்தான் மிக அதிகம். ஆனால் 1928-ல் அங்கே இளைஞர்கள் கூடிப் பொதுமொழியாக எடுத்துக்கொண்டது மலாய் மொழியிலிருந்து வந்ததை. பெரியவர்கள் விட்டுக்கொடுத்தார்கள். அப்படியும் ஒரு நாடு செய்திருக்கிறது.

இன்னொன்று. தமிழ் பேசுவோர் கூடிக்கொண்டே வந்தாலும் நாட்டில் நம் பங்கு இறங்குகிறது. 1971-ல் 6.88 விழுக்காடு, 2011-ல் 5.70. தமிழை மறந்ததால் என்று மேடையில் சொல்வார்கள். முக்கியக் காரணம் அது இல்லை. நாம் இரண்டோடு நிறுத்திக்கொண்டோம், அவ்வளவுதான். தெலுங்குக்கும் அதே கதி. 2001-ல் மூன்றாம் இடத்தில் இருந்தது, 2011-ல் மராத்திக்கு இடம் விட்டு நான்காவதானது. வெளிநாட்டில்தான் மறதி கொஞ்சம் தெரிகிறது. சிங்கப்பூரில் தாய்மொழி கேட்பதில்லை, வீட்டில் அதிகம் பேசும் மொழியைக் கேட்கிறார்கள். 2010-ல் தமிழ் 3.3 விழுக்காடு. 2020-ல் 2.5. அங்கே அது ஆட்சிமொழிகளில் ஒன்று. பேத்தியின் அம்மா இதைப் படிப்பாள் என்று தெரிந்துதான் எழுதுகிறேன். கோபித்துக்கொள்ளாதேம்மா.

இனி நம் உறவுகளுக்கு. நம் வீட்டுக் கதையை வெளியில் சொல்கிறாளே என்று நினைக்காதீர்கள். பாட்டி, அதாவது என் அப்பாவின் அம்மா, சாகும்வரை தெலுங்குதான் பேசினாள். அம்மா எனக்குத் தாலாட்டுப் பாடியதும் தெலுங்கு. தமிழ்நாட்டில் 2011-ல் தெலுங்கு என்று எழுதியவர்கள் 42 லட்சத்து 34 ஆயிரம் பேர். அதில் நான் ஒருத்தி. என் தம்பி இல்லை! ஒரே தாய் வயிற்றில் பிறந்து, நாலு தெரு தள்ளி இருக்கும் அவன் தமிழ் என்று எழுதச் சொல்லியிருக்கிறான். கேட்டதற்கு, "எனக்குத் தெலுங்குல நூறு வரைக்கும் எண்ணக்கூட வராதுக்கா, பொய் சொல்லச் சொல்றியா?" என்றான். அதுவும் நியாயம்தான். விதிப்படி பார்த்தால் நான் எழுதியது சரி, வாழ்க்கைப்படி பார்த்தால் அவன் சொன்னது சரி. இப்போது பௌர்ணமிக்குப் பௌர்ணமி ஆந்திராவிலிருந்தும் தெலங்கானாவிலிருந்தும் வண்டி வண்டியாக வருகிறார்கள் அல்லவா? போன சித்ரா பௌர்ணமிக்கு வழி கேட்ட ஓர் அம்மாவிடம் என் தெலுங்கில் விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, பக்கத்திலிருந்த பிள்ளையிடம் "தமிழ்ல ஏதோ சொல்றாங்க" என்று தெலுங்கில் சொன்னார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. 42 லட்சத்தில் ஒருத்தியின் லட்சணம் இது.

இப்போது சொல்ல வந்ததற்கு வருகிறேன். இவ்வளவு சுற்றியதும் இதைத் தள்ளிப்போடத்தான் போலிருக்கிறது.

1991 பிப்ரவரி. எனக்குக் கொடுத்த பகுதியில் நரிக்குறவர் குடியிருப்பும் இருந்தது. சாயங்காலம் ஆகிவிட்டது. கிரிவலப் பாதையில் ஊசி பாசி விற்றுவிட்டு வந்து அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தார்கள். நான் ஒரு குடிசை வாசலில் நின்று பெயர், வயது எல்லாம் கேட்டு வந்தேன். தாய்மொழி என்றதும் அந்த வீட்டுக்காரர், "எங்க பாஷைதான் சாமி" என்றார். பேர் என்ன என்றேன். சிரித்துக்கொண்டு, "நீங்களே ஏதாவது போட்டுக்குங்க சாமி" என்றார். இருட்டிக்கொண்டு வந்தது. இன்னும் பதினைந்து வீடு பாக்கி. தமிழ் என்று எழுதினேன். அந்த வீட்டில் ஆறு பேருக்கும் தமிழ். அப்புறம் மீதி வீடுகளில் கேட்கவே இல்லை. தமிழ், தமிழ் என்று எழுதிக்கொண்டே போனேன். அந்த நேரம் முழுக்க அந்தப் பெண்கள் எனக்குப் பின்னால் வேறு மொழியில் பேசிக்கொண்டிருந்தார்கள். காதில் விழத்தான் செய்தது.

அந்த மொழிக்குப் பேர் உண்டு. வாக்ரிபோலி. குஜராத்தி, பீலி மொழிகளுக்கு உறவு. எத்தனையோ தலைமுறைக்கு முன் மேற்கிலிருந்து வந்தவர்கள் நடந்து நடந்து கூடவே கொண்டுவந்த மொழி. அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1970-லேயே அதற்கு இலக்கணப் புத்தகம் போட்டிருக்கிறது. நான் படிவத்தோடு அங்கே போனதற்கு இருபத்தோரு வருஷம் முன்பே! இது எனக்குத் தெரிந்தது ஓய்வு பெற்ற பிறகு.

2001-லும் அந்தப் பகுதி எனக்கே வந்தது. பழைய வழியில் எழுதினேன். 2011-ல் வேறு பகுதி.

அந்த முதல் வீட்டுப் பெண் பிறகு என்னிடம் நாலாம் வகுப்பு படித்தாள். வகுப்பில் தம்பியோடு அவர்கள் பேச்சில் பேசினால், "இங்க தமிழ்ல பேசு" என்று மேசையைத் தட்டுவேன். அடித்ததில்லை. தட்டுவேன். அவள் இப்போது கிரிவலப் பாதையில் சின்னக் கடை வைத்திருக்கிறாள். ருத்ராட்சம், பாசிமணி. போன கார்த்திகைக்கு முன்பு ஒரு மாலை அவள் கடையில் உட்கார்ந்திருந்தேன். தெலுங்கில் விலை சொன்னாள், இந்தியில் பேரம் பேசினாள், வெள்ளைக்காரம்மாவிடம் ஆங்கிலத்தில் மீதிச் சில்லறை கொடுத்தாள். என் தெலுங்கை விட அவள் தெலுங்கு சுத்தம். 2023-ல் நரிக்குறவரைப் பழங்குடிப் பட்டியலில் சேர்த்த பிறகு மகனுக்குச் சான்றிதழ் வாங்கியதைச் சொன்னாள். பேச்சுவாக்கில் நான் அந்த 1991 கதையைச் சொல்லிவிட்டேன்.

அவள் மணி கோப்பதை நிறுத்தவில்லை. "தமிழ்னா டீச்சர் போட்டீங்க? எங்கம்மாவுக்குத் தமிழே ஒழுங்கா வராதே. சாகுற வரைக்கும் வாக்ரிதானே பேசுச்சு" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "நீங்க எங்கப்பாவைத்தானே கேட்டீங்க, அம்மாவைக் கேக்கலியே" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. சும்மா கணக்கைச் சரிபார்க்கிற மாதிரி சொன்னாள்.

எனக்குப் பதில் வரவில்லை. தாய்மொழி என்று கேட்டுவிட்டு, தாய் இரண்டடி தூரத்தில் உட்கார்ந்திருக்க, அவளைக் கேட்காமல் எழுதியிருக்கிறேன்.

நான் சரியாக எழுதியிருந்தாலும் 10,000 விதியில் அது இதரவை மூட்டைக்குத்தான் போயிருக்கும், என்ன பெரிதாக மாறியிருக்கும் என்று என்னையே சமாதானம் செய்துகொண்டதுண்டு. ஆனால் ஒவ்வொரு ஊரிலும் ஒவ்வொரு டீச்சரும் இருட்டுகிறதே என்று தமிழ் போட்டிருந்தால், அவர்கள் பத்தாயிரம் பேர் இருக்கிறார்களா இல்லையா என்பதே யாருக்கும் தெரியாமல் போகும். தமிழின் எண்ணிக்கையில் நான் ஒரு நூறு பேரைக் கூட்டியிருக்கிறேன். அந்தப் பெருமை எனக்கு வேண்டாம்.

ஒன்றே ஒன்று சரியாகச் செய்தேன் என்று சொல்லலாம். 2011 பிப்ரவரி 28 ராத்திரி, வீடில்லாதவர்களை எண்ணும் இரவு. கிரிவலப் பாதையில் டார்ச்சோடு சாதுக்களை எண்ணிக்கொண்டு போனோம். கன்னடம், மலையாளம், இந்தி, ஒடியா என்று ஒவ்வொருவரும் ஒன்று சொன்னார்கள். ஒருவர் மௌன விரதம். பெயர்கூடச் சொல்லவில்லை. கூட வந்த சார், "தமிழ்னு போட்டுட்டு வாங்க டீச்சர், நேரமாச்சு" என்றார். நான் உட்கார்ந்துவிட்டேன். படிவத்தின் பின்பக்கத்தைக் காட்டி எழுதச் சொன்னேன். வெகுநேரம் பார்த்துவிட்டு வாங்கி, வங்காள எழுத்தில் ஏதோ எழுதிக் கொடுத்தார். எனக்குப் படிக்கத் தெரியாது. பக்கத்து மண்டபத்தில் இருந்த இன்னொரு சாமி படித்துச் சொன்னார், ஊர் பெயரும் "பாங்ளா" என்றும் இருந்தது. அப்படியே எழுதினேன். 9 கோடியே 72 லட்சம் வங்காளிகளில் அந்த ஒருவர் என் கையால் சேர்ந்தவர்.

2021-ல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு கொரோனாவால் தள்ளிப்போய், இப்போது 2027 மார்ச் 1-ஐக் கணக்கு நாளாக வைத்து நடக்க இருக்கிறது. இந்தத் தடவை காகிதம் இல்லை, செல்போனில் பதிவு. என் மாணவர்களில் பதினோரு பேர் இன்று ஆசிரியர்கள் என்பது எனக்குத் தெரிந்த கணக்கு. உங்களில் யாருக்காவது அந்தக் குடியிருப்பு ஒதுக்கப்பட்டால் எனக்கு ஒரு போன் போடுங்கள். முழங்கால் வலி இருக்கிறது, இருந்தாலும் கூட வருகிறேன். அந்தக் கடைக்காரப் பெண்ணிடம் சொல்லி வைத்திருக்கிறேன். "இந்தத் தடவை பேரைச் சொல்லிடறோம் டீச்சர்" என்றிருக்கிறாள்.

உங்கள் வீட்டில் பாட்டி என்ன பேசினார், நீங்கள் என்ன பேசுகிறீர்கள், 2011-ல் என்ன எழுதினார்கள் என்று கீழே எழுதுங்கள். தம்பி, நீயும் எழுது. தெலுங்கில் எழுதினாலும் எனக்குப் படிக்கத் தெரியாது, தமிழிலேயே எழுது.